வலது பையில் குடியிருப்பது யார்?

ராய்ஸ் டில்லார்ட் தம் வண்டியின் கதவைச் சாத்தினார். சாவியை வயிற்றைச் சுற்றிக் கொண்டுபோய் இடது பைக்குள் திணித்தார். திணித்தது வலது கை.

ஹேகன் துப்பாக்கிக் கடையின் கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்த இருவரில் ஒருவர் புன்னகைத்தார். மற்றவன் கொட்டாவி விட்டான்.

புன்னகைத்தவர் வெர்னா ஸ்டக்கி. காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பொய்க் கோரிக்கைகளை மோப்பம் பிடித்தே தலை நரைத்தவர். பணியிலிருந்து அவர் ஓய்வு பெற்றார். அவருடைய மூக்கு மட்டும் ஓய்வு பெற மறுத்துவிட்டது. எனவே டெக்சஸ் மாநிலத்துக் கால்டர் ஸ்பிரிங்ஸ் என்னும் அந்தச் சிற்றூரில் துப்பறியும் நிலையம் ஒன்றைத் திறந்தார். கொட்டாவி விட்டவன் அவருடைய உதவியாளன் ஒடெல். ரோடியோ திடல்களில், முட்ட வரும் காளைகளுக்கு முன்னால் கோமாளி வேடத்தில் ஓடிப் பிழைத்தவன். விலா எலும்பு முறிந்த பிறகு வெர்னாவிடம் வந்து சேர்ந்தான். காளைகளே மேல் என்று சில நாள்களில் அவனுக்குத் தோன்றுவதுண்டு. அன்றும் அப்படித்தான் தோன்றியது.

"பாத்தியா ஒடெல்?"

"பாத்தேன் வெர்னாம்மா. மனுஷன் சாவியப் பையில போட்டாரு. ஷெரிஃபக் கூப்பிடவா?"

"எந்தக் கையால?"

"வலது கையால."

"எந்தப் பையில?"

"இடது பை..." என்று தொடங்கிய ஒடெல் நிறுத்தினான். "அட! அந்த வயித்தச் சுத்திப் போறதுன்னா பெரிய யாத்திரையாச்சே. எதுக்கு இம்மாந் தூரம்?"

"பையில துப்பாக்கி வச்சிக்கறவன் அந்தப் பையில வேற எதையும் வைக்க மாட்டான். சாவி, சில்லறை, கைக்குட்ட, எதுவும் கெடையாது. சாவி போயி விசையில மாட்டுச்சுன்னா தொடையில ஓட்ட."

"சரி. ஆனா அவரு துப்பாக்கிதான் களவு போயிடுச்சே!"

"அதத்தான் நானும் கேக்கறேன்."

ஒடெல் தலையைச் சொறிந்தான். "பழக்கம் வெர்னாம்மா. எங்க சித்தப்பா மீசைய எடுத்துப் பல வருஷமாச்சு. இன்னும் கோவம் வந்தா வெறும் ஒதட்ட முறுக்கறாரு."

வெர்னாவின் புன்னகை சற்றே சுருங்கியது. மறுப்பதற்கு இடமில்லாத மறுப்பு அது.

கடையின் உள்ளே, மேசைக்குப் பின்னால், விற்பனைப் பெண் மரிசெலா கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே துடைத்த இடத்தையே மீண்டும் துடைத்தாள். இந்த விவகாரம் முழுவதும் அவளுடைய தலையில்தான் வந்து விடிந்திருந்தது.

சென்ற வாரம் ராய்ஸ் அடுத்த கட்டடத்துத் தபால் நிலையத்துக்கு வந்திருந்தார். தபால் நிலையத்துக்குள் துப்பாக்கியுடன் நுழையக் கூடாது. ஆகவே ஊரில் எல்லாரும் செய்வதுபோல அவரும் தம் ரிவால்வரை உறையோடு வண்டியின் முன்பெட்டிக்குள் வைத்தார். அல்லது, வைத்ததாகச் சொன்னார். கடைக்குச் சரக்கு கொண்டுவந்த லாரிக்கு வழியை அடைத்து நின்றது அவருடைய வண்டி. நகர்த்தச் சொல்லி மரிசெலா கூப்பிட்டாள். அவர் சாவியைத் தூக்கிப் போட்டார். அவள் வண்டியை நகர்த்தி நிறுத்தினாள். மாலையில் ரிவால்வரையும் உறையையும் காணவில்லை என்று ராய்ஸ் புகார் கொடுத்தார். இடையில் வண்டியைத் தொட்டவள் அவள் ஒருத்தியே.

ஒருவரைத் திருடர் என்று நிறுவுவதற்குச் சான்று வேண்டும். திருடியிருப்பார் என்று நம்புவதற்கு, அந்தோ, பக்கத்தில் நின்றிருந்தாலே போதும். ஷெரிஃபின் கீழ் வேலை பார்க்கும் டெபுடி லாமார் அன்று நண்பகலில் வந்து வழக்குப் பதிவதாகச் சொல்லியிருந்தார். வழக்குப் பதிவானால் மரிசெலாவின் பயிற்சியாளர் உரிமம் முடங்கும். பெண்களுக்குத் துப்பாக்கி பழக்குவதற்காகச் சனிக்கிழமைதோறும் அவள் நடத்தி வந்த வகுப்பு அதோடு முடியும். அந்த வகுப்புக்காகவே அவள் இந்த ஊரில் தங்கியிருந்தாள். அதிலிருந்து ஆறு பெண்கள் அதற்குள் விலகியும் விட்டார்கள்.

வெர்னா கடை முதலாளி ஹேகனிடம் பேசி ஒரு பொறியை வைத்திருந்தார். காணாமற்போன ரிவால்வருக்கு ஈடாக, சிறிய கைத்துப்பாக்கிகளுள் பிடித்த ஒன்றை ராய்ஸ் எடுத்துக்கொள்ளலாம், கடையின் நல்லெண்ணம். மறுத்தால் ஐயம் எழும். ஆகவே ராய்ஸ் வந்திருந்தார்.

"காலையில அவரு வீட்டுக்குப் போன் பண்ணியே, என்ன சொன்னாங்க?" என்று வெர்னா தணிந்த குரலில் கேட்டார்.

"அவரு சம்சாரம் லர்லீன் அம்மாதான் எடுத்தாங்க. அவங்க அண்ணன் கார்லண்ட் ஒக்லஹோமாவ விட்டுட்டு இங்கயே குடி வரப் போறாராம். ரூமுக்குப் பெயிண்ட் அடிக்கறாங்க, மெத்த வாங்கறாங்க, ஒரே கொண்டாட்டம். செத்துப்போன அப்பாவோட துப்பாக்கி களவு போச்சேன்னு எழவுச் சொல் ஒண்ணு சொல்லல."

"அது அவங்க அப்பாவோடதா?"

"பெரியவர் எமெட்டோடது. வெள்ளி முலாம் போட்டது, அஞ்சு தோட்டா, குட்டைக் குழல். மருமகன் ராய்ஸ் சம்சாரத்துக்கு முத்தம் குடுக்காட்டியும் அதுக்குக் குடுத்துட்டுத்தான் தூங்குவாராம்."

கதவில் கட்டியிருந்த மணி ஒலித்தது. ராய்ஸ் தொப்பியைக் கழற்றியபடி உள்ளே வந்தார். பருத்த உடல், சிவந்த கழுத்து, உழவு இயந்திரம் விற்பவருக்கே உரிய உரத்த குரல். மரிசெலாவைப் பார்த்ததும் அந்தக் குரல் மட்டும் பாதியாகக் குறைந்தது.

"வாங்க ஐயா" என்றாள் அவள். பச்சை விரிப்பின்மேல் நான்கு துப்பாக்கிகளை எடுத்து வைத்தாள். ஒவ்வொன்றையும் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று தான் பார்த்து, அவருக்கும் காட்டி, பிறகே கையை எடுத்தாள். பழி சுமந்த நாளிலும் அந்த ஒழுங்கு பிசகவில்லை.

"இது அஞ்சு தோட்டா ரிவால்வர். உங்களோடதுக்குத் தங்கச்சின்னு வச்சிக்கோங்க. எடுத்தா சுடும், நடுவுல எந்தப் பாதுகாப்புக் கொண்டியையும் தள்ள வேணாம். ஆனா ரொம்ப லேசு. சுட்டா ஒங்க கைய ஒதைக்கும்."

"கழுத மாதிரியா?" என்றான் ஒடெல்.

"கடன்காரன் மாதிரி" என்றாள் அவள், சிரிக்காமல். "இது தட்டை பிஸ்டல். பையில இருக்கறதே தெரியாது. ஆனா பிடி குட்டை. சுண்டுவிரல் வெளிய தொங்கும். இதோ இது அதவிடக் கொஞ்சம் பெருசு, பத்துத் தோட்டா. புடிச்சாக் கைக்குள்ள நல்லா ஒக்காரும், குறியும் நிக்கும். ஆனா பையில போட்டா உள்ள என்ன இருக்குன்னு சர்ச்சுல எல்லாருக்கும் தெரியும்."

"இந்தக் கடைசி?" ஒடெல் விரல் நீளமே இருந்த ஒன்றை எட்டிப் பார்த்தான். "இது துப்பாக்கியா, சாவிக்கொத்துல தொங்குறதா?"

"எதிராளி ரொம்பக் கிட்ட வந்து, ரொம்ப நேரம் அசையாம நின்னான்னா உதவும்."

ராய்ஸ் தம்மையறியாமல் சிரித்துவிட்டார்.

"சின்னது சுமக்க சுகம், சுடக் கஷ்டம். பெருசு சுட சுகம், சுமக்கக் கஷ்டம். கஷ்டப்பட்டாப் பத்து நாள்ல வீட்டுல விட்டுட்டுப் போயிடுவீங்க. வீட்டுல கெடக்கற துப்பாக்கி பேப்பர் பறக்காம இருக்கத்தான் ஆகும்" என்று மரிசெலா தொடர்ந்தாள். வகுப்பில் பேசிப் பேசிப் பழகிய சொற்கள் போலும். அவற்றைச் சொல்லும்போது அவள் முகம் சற்றுத் தெளிந்தது. "கையில வச்சுப் பாத்து முடிவு பண்ணாதீங்க. பையில போட்டு, அந்த நாற்காலியில ஒக்காந்து, எழுந்து, ஷூ லேஸ் கட்டற மாதிரி குனிஞ்சு பாருங்க."

ராய்ஸ் ரிவால்வரை எடுத்தார். வலது கையால் எடுத்து, இடது கைக்கு மாற்றி, இடது பையில் போட்டார். உட்கார்ந்தார், எழுந்தார். "முதுகுல குத்துது" என்றார்.

"பையில இருக்கறது முதுகுல குத்துதா?" என்று ஒடெல் வியந்தான்.

தட்டை பிஸ்டல் இடது பைக்குள் போயிற்று. "பிடி வழுக்குது." பத்துத் தோட்டாக்காரனும் இடது பைக்குள் போனான். "கனம்." கடைசிக் குட்டியும் அங்கேயே போயிற்று. "கெடச்சாத்தான எடுக்கறதுக்கு!"

ஒடெலின் நெஞ்சு ரோடியோ நாள்களைப்போல் அடித்துக்கொண்டது. வலக்கைப் பழக்கமுள்ள மனிதர், நான்கு துப்பாக்கிகளையும் இடப்பையிலேயே போட்டுப் பார்க்கிறார்! சித்தப்பாவின் மீசை விளக்கம் தூளாயிற்று. களவு போனதாகச் சொல்லப்பட்ட துப்பாக்கி எங்கே குடியிருக்கிறது என்பதை இனி யாரும் சொல்ல வேண்டியதில்லை. வெர்னா கண்ணால் தடுப்பதற்குள் அவன் கேட்டே விட்டான்.

"ஏன் ஐயா, ஒங்க வலது பை இன்னைக்கு விரதமா?"

 ராய்ஸ் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தொப்பை குலுங்கச் சிரித்தார்.

"ஆள் குடியிருக்கான் தம்பி. வெறும் பையோட திரிய நான் என்ன துப்பாக்கின்னா அலர்ற கலிஃபோர்னியாக்காரனா?"

"பாக்கலாமா? ஒத்துப் பாக்க வசதியா இருக்கும்" என்றார் வெர்னா.

"செவுத்தப் பாத்து வைங்க ஐயா" என்றாள் மரிசெலா.

ராய்ஸ் வலது பைக்குள் கையை விட்டார். ஒடெல் வெள்ளி முலாமின் ஒளியை எதிர்பார்த்து நிமிர்ந்து நின்றான். வெளியே வந்தது கறுத்துத் தட்டையான, மலிவான பிஸ்டல் ஒன்று. அதன்மேல் பழந்தோல் உறை ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது. இரண்டையும் அவர் விரிப்பின்மேல் வைத்தார்.

"வீட்ல பொட்டியில கெடந்தது. களவு போன அன்னைக்கே எடுத்துச் செருகிக்கிட்டேன். போதுமா?"

ஒடெல் சுருங்கிப்போனான். எவ்வளவு எளிய விளக்கம்! ஒன்று தொலைந்தால் இன்னொன்றைச் செருகிக்கொள்வதில் என்ன தவறு? சுவரில் கடிகாரம் நண்பகலை நெருங்கிக்கொண்டிருந்தது. மரிசெலா துடைக்கும் துணியை மறுபடியும் கையில் எடுத்தாள். வெர்னாவோ விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். காளை திடலின் வேலியைத் தாண்டிவிட்டது என்று ஒடெல் நினைத்தான்.

"எதுவும் புடிக்கல. ஹேகனுக்கு நன்றி சொல்லிடுங்க." ராய்ஸ் தம் பிஸ்டலை நோக்கிக் கையை நீட்டினார்.

தோற்றவனுக்கு வாயாவது மிஞ்ச வேண்டும் அல்லவா? ஒடெல் கசப்போடு சொன்னான்: "போறப்போ ஒங்க குட்டிக்கு அளவா ஒரு சட்ட வாங்கிக்கிட்டுப் போங்க ஐயா. அப்பன் கோட்ட மாட்டிக்கிட்டு நிக்குது, பாவம்."

ராய்ஸின் கை பாதி வழியில் நின்றது.

"ஒடெல்," என்றார் வெர்னா, "நீ வேலைக்கு வந்ததுலருந்து உருப்படியாச் சொன்ன மொதப் பேச்சு இது."

"எது? நான் சும்மா வயித்தெரிச்சல்ல..."

வெர்னா உறையின் ஓரத்தை இரண்டு விரல்களால் பற்றிச் சற்றே சாய்த்தார். பிஸ்டல் எவ்விதத் தயக்கமுமின்றி விரிப்பின்மேல் நழுவி விழுந்தது. உறையின் வாய் திறந்தே இருந்தது. அதன் இரு பக்கங்களிலும் தோல், பாதி எலுமிச்சையைக் கவிழ்த்தாற்போல உருண்டு புடைத்திருந்தது. தட்டையான பிஸ்டலுக்கு அங்கே புடைப்பதற்கு ஒன்றுமில்லை. ரிவால்வருக்கு உண்டு, தோட்டாக்கள் சுழலும் உருளை.

வெர்னா கேட்குமுன்பே மரிசெலா கடையின் ரிவால்வரை மீண்டும் திறந்து, வெறுமை பார்த்து, மூடி நீட்டினாள். வெர்னா அதை உறைக்குள் இறக்கினார். உருளை புடைப்புக்குள் போய் உட்கார்ந்தது. தலைகீழாகப் பிடித்து உலுக்கியும் விழவில்லை.

"அதனால என்ன? உறை உறைதான். எதுக்கு எது இருந்தா என்ன?" ராய்ஸின் குரல் மீண்டும் உரத்தது.

"அப்படின்னா உறையே வேணாமே. இம்மாந் தட்டையான துப்பாக்கி. அப்படியே பையில போட்டுட்டு வந்திருக்கலாம். லொடலொடன்னு இது எதுக்கு?"

"உறையில்லாமயா?" ராய்ஸ் மேசையை அறைந்தார். அவருடைய சினம் நடிப்பு அன்று. நெஞ்சின் அடியிலிருந்து வந்தது. "என்னை என்னன்னு நெனச்சீங்க? விசை தொறந்து கெடக்க வெறுந் துப்பாக்கியப் பையில போட்டுக்கிட்டுத் திரியற பொறுக்கின்னா? இருபது வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள் அப்படிச் செஞ்சிருப்பேனா? மாமா சாவுப் படுக்கையில இந்த உறைய என் கையில குடுத்தப்ப என்ன சொன்னாரு தெரியுமா? ராய்ஸு, துப்பாக்கி இல்லாம வெளிய போனாலும் போ, உறை இல்லாம..."

அவர் நிறுத்தினார். 

"எந்த உறைய?" என்று வெர்னா மெல்லக் கேட்டார்.

 களவு போனவை ரிவால்வரும் உறையும் என்று புகாரில் ராய்ஸே சொல்லியிருந்தார்.

ஊரெல்லாம் அறிந்த வெள்ளி ரிவால்வரோடு இந்தக் கடைக்கு வரலாகாது என்று காலையில் அதை எடுத்துவிட்டு வேறொன்றைச் செருக அவருக்குத் தெரிந்திருந்தது. வீட்டில் பைக்கு ஏற்ற உறை வேறு இல்லை. பொய்ப் புகார் கொடுக்கத் துணிந்தவருக்கு வெறுந் துப்பாக்கியைப் பையில் போடும் துணிவு மட்டும் வரவில்லை. தம் வாழ்வில் அவர் மீறாத ஒரே ஒழுங்கு அவரைக் காட்டிக்கொடுத்தது.

"கார்லண்ட் எப்ப வராரு?" என்றார் வெர்னா.

அந்தப் பெயரைக் கேட்டதும் ராய்ஸ் நாற்காலியில் சரிந்தார். "ஞாயித்துக்கெழம. இது கார்லண்டுக்குச் சேர வேண்டியது, அவன் ஊர் திரும்பற வரைக்கும் நீ வச்சிருன்னு குடுத்தாரு மாமா. எங்க வரப் போறான்னு இருந்துட்டேன். இருபது வருஷம் எண்ணெ போட்டுத் தொடச்சது நானு. அவன் அத ஒரு நாள் தொட்டதில்ல. சுவத்துல மாட்டி வைப்பானாம், போன்ல சொல்றான். சுவத்துல!" அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். "களவு போச்சுன்னா யாரும் கேக்க மாட்டாங்கன்னு நெனச்சேன். மரிசெலா பேர நான் சொல்லல. வண்டிய யாரு தொட்டாங்கன்னு லாமார் கேட்டான். உண்மையத்தான் சொன்னேன்."

"அந்த ஒரு உண்மைய மட்டும் சொன்னீங்க" என்றார் வெர்னா.

மரிசெலா துணியைக் கீழே வைத்தாள். "வகுப்ப விட்டுப் போன ஆறு பேருல ஒருத்தி ஒங்க மருமக, ஐயா. என் கண்ணப் பாத்து, கைப்பைய மார்போட அணச்சிக்கிட்டுப் போனா. அன்னைக்கு ஒங்க பையில அது இருந்துச்சு."

ராய்ஸ் தலை குனிந்தார். தொப்பியின் விளிம்பை விரல்கள் சுற்றிக்கொண்டே இருந்தன. "வண்டி சீட்டுக்கு அடியில, துண்டு சுத்தி வச்சிருக்கேன்" என்றார்.

மணி மீண்டும் ஒலித்தது. டெபுடி லாமார் உள்ளே வந்தார். கையில் தாள்கள், முகத்தில் சங்கடம். "மரிசெலா, எனக்கே கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா..."

"லாமார், அத மடிச்சு உள்ள வை" என்றார் ராய்ஸ். எழுந்து நின்று, உடைந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னார். ஒடெல் தன் வாழ்நாளில் முதன்முறையாக நடுவில் பேசவில்லை.

டெபுடி நெற்றியைத் தடவினார். "பொய்ப் புகாருக்கு ஒங்க மேலதான் எழுதணும். ஸ்டேஷனுக்கு வாங்க." மரிசெலாவின் பக்கம் திரும்பினார்; முகம் தெளிந்திருந்தது. "சரிம்மா, முடிஞ்சுபோச்சு."

"முடியல" என்றாள் அவள்.

"எழுத்துல குடுத்துடுவாரும்மா."

"அத நீங்க படிப்பீங்க. ஊரு படிக்குமா?" சன்னலுக்கு வெளியே கையைக் காட்டினாள். தெருவின் எதிர்ப்புறத்தில், இறைச்சி வாட்டும் வண்டியின் முன்னால், நண்பகல் வரிசை தெருக்கோடிவரை நீண்டு நின்றது. கால்டர் ஸ்பிரிங்ஸில் பாதிப் பேர் அதில் இருந்தார்கள். வகுப்பை விட்டுப் போனவர்களில் மூவர் கையில் தட்டோடு நின்றார்கள். "எம் பேரு அங்கதான் போச்சு. அங்கதான் திரும்பி வரணும்."

"அங்கயா?" ராய்ஸ் அந்த வரிசையைப் பார்த்தார். "அத்தன பேரு முன்னாடியா?"

மரிசெலா வாசலுக்குப் போனாள். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

டெபுடி கூரையைப் பார்த்தார். வெர்னா விரிப்பைச் சரிசெய்தார். ராய்ஸ் யாராவது ஏதாவது சொல்வார்களா என்று சற்று நேரம் காத்திருந்தார்; பிறகு வெளியே இறங்கினார். தெருவைக் கடந்தார்; வரிசையின் முன்னால் போய் நின்றார்; தொப்பியை மார்போடு பிடித்துக்கொண்டார். புகைக்கு நடுவே அவருடைய உதடுகள் அசைந்தன. முன்னால் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மற்றவர்கள் விலைப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மரிசெலா வாசற்படியில் இறங்கி நின்றாள். வகுப்பில் பேசும் குரலில், தெரு முழுவதும் எதிரொலிக்க, அழைத்தாள்.

"சத்தமா, ராய்ஸ் ஐயா! பின்வரிசைக்குக் கேக்கல!"